பேக்கேஜை வாங்கிக்கொண்டு விலகலாமா? 12 நாள் கெடுவில் நிற்கும் வாசகருக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து 52 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

தெற்கு டர்பனில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் அவருக்கு 24 வருட வேலை. மாதச் சம்பளம் 24,000 ரேண்ட். வரி போக 20,800 கைக்கு வருகிறது. மெடிக்கல் எய்டுக்கு 3,000, பிராவிடண்ட் ஃபண்டுக்கு 1,800 கம்பெனி தன் பங்காகக் கட்டுகிறது. 160 பேர் வேலை பார்க்கும் அந்த இடத்தில் 40 பேரைக் குறைக்கப்போவதாக 18 நாளுக்கு முன் நோட்டீஸ் வந்தது. தாமாக விலகுகிறவர்களுக்குச் சேவை வருடம் ஒன்றுக்கு இரண்டு வாரச் சம்பளமும் நான்கு வார நோட்டீஸ் சம்பளமும் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சம்மதம் சொல்ல இன்னும் 12 நாள் இருக்கிறது. சம்மதித்தால் அன்றோடு வேலை முடிந்தது.

மச்சான் ஒரு டேக்-அவே கடையில் பாதிப் பங்கு வாங்கலாம் என்கிறார். விலை 4,80,000 ரேண்ட், ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். லெனேசியாவில் இருக்கும் மகள் ஜோஹன்னஸ்பர்க்குக்கே வந்துவிடச் சொல்கிறாள். மகன் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறான், கட்டணம் கையிலிருந்து போகிறது. மனைவி தையலில் மாதம் 4,000 சம்பாதிக்கிறார். வீட்டுக் கடன் முடிந்துவிட்டது. 80 வயது அம்மா கூடவே இருக்கிறார்.

"இரண்டு பக்கமும் எழுதிப் பார்த்தேன். போவதற்கு 17 காரணம், இருப்பதற்கு 11. கோயிலில் பூக்கட்டிப் பார்த்தேன், போ என்றே வந்தது. ஆனாலும் கையெழுத்துப் போட மனம் வரவில்லை. 24 வருடத்தை விட்டுவிட்டா போவது? நான் எடுத்த முடிவு எதுவுமே சரியாக வந்ததில்லை. தமிழில் எழுதிப் பழக்கம் விட்டுப்போனது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள ஐயா,

உங்கள் தமிழில் ஒரு குறையும் இல்லை. உங்கள் நிதானத்திலும் குறை இல்லை. கையெழுத்துப் போட மனம் வராததற்குக் காரணம் நீங்கள் நினைப்பதுபோல் பயம் மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரே கயிற்றில் மூன்று மூட்டையைக் கட்டி ஒரேயடியாகத் தூக்கப் பார்க்கிறீர்கள், அதனால்தான் தூக்க முடியவில்லை.

முதலில் கேள்வியைப் பிரியுங்கள்

பேக்கேஜை ஏற்பதா வேண்டாமா என்பது ஒரு முடிவு. கைக்கு வரும் பணத்தையும் ஃபண்டில் இருப்பதையும் என்ன செய்வது, கடையில் போடுவதா என்பது இன்னொன்று. எங்கே குடியிருப்பது என்பது மூன்றாவது. உங்கள் 17 காரணங்களைத் திரும்ப வாசித்தேன். அவற்றில் எட்டு கடையைப் பற்றியவை, மூன்று பேரப்பிள்ளைகளைப் பற்றியவை. வேலையை விடுவதற்கென்று எழுதியவை ஆறுதான்.

இந்த மூன்றில் முதலாவதற்கு மட்டுமே உண்மையான கெடு இருக்கிறது. இடம் மாறுவதற்கு எந்தத் தேதியும் இல்லை. கடைக்குச் சொல்லப்படும் ஞாயிற்றுக்கிழமை மச்சான் வைத்த தேதி. ஃபண்டுப் பணத்துக்கும் அவசரம் கிடையாது: வேலையை விட்டபின் நீங்கள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் பணம் அதே ஃபண்டில் கிடந்து வளரும். 2019 மார்ச் முதல் விதி அப்படி.

எதைத் திருப்ப முடியும், எதைத் திருப்ப முடியாது என்றும் பாருங்கள். லெனேசியாவுக்குப் போய் ஆறு மாதம் இருந்துவிட்டுத் திரும்பி வரலாம், வீடு உங்களுடையது. பேக்கேஜ் ஒப்பந்தத்தில் போட்ட கையெழுத்தைத் திரும்பப் பெற முடியாது. அந்தத் தாளில் பெரும்பாலும் "முழுமையான, இறுதியான தீர்வு" என்று ஒரு வரி இருக்கும். அதில் கையெழுத்திட்டால் பிறகு தொழில் தகராறுகளை விசாரிக்கும் சிசிஎம்ஏவுக்குப் போகும் வழி அநேகமாக அடைபட்டுவிடும். கடையில் போட்ட பணத்தையும் எளிதில் திரும்ப எடுக்க முடியாது. உங்கள் நேரத்தையும் யோசனையையும் திருப்ப முடியாதவற்றுக்குச் செலவிடுங்கள்.

அந்த நோட்டீஸைப் படியுங்கள்

"நோட்டீஸ் ஆறு பக்கம் இருந்தது, படிக்கவில்லை" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதம் முழுவதிலும் என்னை நிறுத்திய வரி இதுதான். உங்களுக்கு வேண்டிய பதிலில் பாதி அந்த ஆறு பக்கத்தில் இருக்கிறது.

தொழிலாளர் உறவுச் சட்டத்தின் 189ஆம் பிரிவுப்படி, ஆட்குறைப்புக்கான காரணம், அதைத் தவிர்க்க என்னென்ன மாற்று வழிகளைப் பார்த்தார்கள், எத்தனை பேர், எந்தெந்த வேலைப் பிரிவுகள், ஆட்களை எந்த அளவுகோலில் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள், எப்போது, எவ்வளவு ஈட்டுத்தொகை, பிற்காலத்தில் திரும்ப எடுக்க வாய்ப்பு உண்டா என்பதையெல்லாம் நிறுவனம் எழுத்தில் தர வேண்டும். உங்களிடம் இருக்கும் தாளில் ஏதாவது விடுபட்டிருந்தால் தொழிற்சங்கப் பிரதிநிதியிடம் கேளுங்கள். கலந்தாய்வு சங்கத்தோடு நடக்கிறதென்றால் முழு ஆவணம் அவரிடம் இருக்கும்.

இரண்டே விஷயங்களைத் தேடுங்கள். ஸ்டோர்ஸில் உள்ள ஒன்பது பேரில் எத்தனை பேர் போகிறார்கள்? தேர்வு எப்படி? மூன்று பேர் போகிறார்கள், கடைசியில் சேர்ந்தவர் முதலில் போவார் என்று இருந்தால், 24 வருடம் இருக்கும் உங்கள் முறை வரிசையின் கடைசியில்தான் வரும். திறமையை வைத்துத் தேர்வு என்றால், புதிய கம்ப்யூட்டர் முறை உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்பதைப் பொறுத்தது. ஸ்டோர்ஸ் வேலை மொத்தத்தையும் வெளி நிறுவனத்துக்குக் கொடுக்கிறார்கள் என்றால் சேவை வருடங்கள் உங்களைக் காப்பாற்றாது. ஆனால் அப்போது வேறொரு கேள்வி எழும்: அதே சட்டத்தின் 197ஆம் பிரிவுப்படி உங்கள் வேலை அதே நிபந்தனைகளோடு அந்த நிறுவனத்துக்கு மாறுமா? எல்லா ஒப்படைப்புக்கும் அது பொருந்தாது, சங்கத்தின் வழக்கறிஞர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. 50 பேருக்கு மேல் 200 பேர் வரை உள்ள நிறுவனத்தில் 10 பேரையோ அதற்கு மேலோ குறைத்தால் 189ஏ பிரிவு வருகிறது. நோட்டீஸ் தேதியிலிருந்து சுமார் 60 நாள் போகாமல் யாருக்கும் பணிநீக்க அறிவிப்புக் கொடுக்க முடியாது. 18 நாள் போய்விட்டது. நீங்கள் சும்மா இருந்தாலும் இன்னும் 42 நாள் சம்பளம் உண்டு, அதன்பிறகு நான்கு வார நோட்டீஸ் காலம்.

பேக்கேஜின் உண்மையான விலை

உங்கள் கணக்கில் பேக்கேஜ் 2,65,800 ரேண்ட். வாரச் சம்பளம் 5,538, அதை 48ஆல் பெருக்கியிருக்கிறீர்கள், சரிதான். ஆனால் நீங்கள் விலகாமல் இருந்து, கடைசியில் அவர்களே உங்களை அனுப்பினாலும், வருடத்துக்கு ஒரு வாரச் சம்பளம் என்பது சட்டப்படி குறைந்தபட்சம். அதுவே 1,32,900. ஆக, தானாக முன்வருவதற்காகக் கூடுதலாகக் கிடைப்பது 1,32,900 மட்டும். அதிலும் முன்கூட்டியே போவதால் 30 நாள் ஊதியத்தை விடுகிறீர்கள். கைக்கு வரும் 20,800, கம்பெனி கட்டும் 4,800 இரண்டும் சேர்த்து உங்கள் வேலையின் மாத மதிப்பு 25,600. முப்பது நாளுக்குச் சுமார் 25,300. அதைக் கழித்தால் மிஞ்சுவது 1,07,600.

ஆகவே நீங்கள் முடிவு செய்ய வேண்டிய கேள்வி இது: இந்த வேலை நிலைக்கும் வாய்ப்பை 1,07,600 ரேண்டுக்கு விட்டுக்கொடுப்பதா?

அந்த வாய்ப்பின் மதிப்பை இரண்டு வருடக் கணக்கில் பார்ப்போம். வேலை போனால் முதல் ஆறு மாதம் யுஐஎஃப் (வேலையிழந்தோர் காப்பீட்டு நிதி) மட்டும், பிறகு 14,000 ரேண்டில் (வரி போக சுமார் 12,900) வேறு வேலை என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் சம்பளம் 17,712 என்ற உச்சவரம்பைத் தாண்டுவதால் யுஐஎஃப் அந்த வரம்பில் 38%, மாதம் சுமார் 6,730. வேலையில் இருப்பவருக்கும் வேலை போனவருக்கும் உள்ள வித்தியாசம் முதல் ஆறு மாதத்தில் 1,13,200, அடுத்த 18 மாதத்தில் 2,28,600, மொத்தம் 3,41,800. வேலையில் இருந்தால் இப்போது ஈட்டுத்தொகை வராது, ஆகவே 1,32,900ஐக் கழித்தால் 2,08,900.

இனி ஒரு வகுத்தல்தான். 1,07,600ஐ 2,08,900ஆல் வகுத்தால் சுமார் 52%. வேலை நிலைக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல் என்று நோட்டீஸைப் படித்தபின் தோன்றினால், பணக் கணக்குப்படி இருப்பதே மேல். ஈட்டுத்தொகை உரிமை எங்கும் போய்விடாது, பிற்பாடு ஆட்குறைப்பு வந்தால் அப்போதும் கிடைக்கும் என்று கொண்டால் 3,41,800ஆல் வகுக்க வேண்டும், விடை சுமார் 31%. வாய்ப்பு அதற்கும் கீழே என்றால் விலகுவது மேல். இரண்டுக்கும் நடுவில் வந்தால் நிறுவனத்தின் நிலைமைதான் தீர்மானிக்கும். அது திவாலாகும் நிலையில் இருந்தால் பிற்கால ஈட்டுத்தொகையை நம்பாதீர்கள். திவாலில் தொழிலாளர் பாக்கிக்கு முன்னுரிமை சிறிய வரம்புக்குள்தான்.

என் ஊகங்களை உங்கள் எண்களால் மாற்றிப் போடுங்கள். உதாரணமாக, 52 வயதில் வேறு வேலை கிடைக்க ஆறு மாதம் போதாது, ஒரு வருடம் ஆகும் என்று நினைத்தால் இருக்கும் வேலையின் மதிப்பு கூடும், இருப்பதற்குத் தேவையான வாய்ப்பின் அளவு இன்னும் குறையும். கணக்கின் பலனே இதுதான். எந்த எண்ணை மாற்றினால் முடிவு புரள்கிறதோ, அந்த எண்ணைத் தேடிப் போய் விசாரிக்க வேண்டும். புரளாத எண்ணைப் பற்றி இரவெல்லாம் கவலைப்பட வேண்டியதில்லை.

திருத்திக்கொள்ள வேண்டிய மூன்று எண்ணங்கள்

"தானாக விலகினால் யுஐஎஃப் கிடையாது" என்று எழுதியிருக்கிறீர்கள். ராஜினாமா செய்தவருக்குத்தான் கிடையாது. ஆட்குறைப்பின் பகுதியாக நிறுவனம் முன்வைத்த விலகல் ராஜினாமா ஆகாது. ஆனால் தாளில் அப்படிப் பதிவாக வேண்டும். ஒப்பந்தத்தில் "நிறுவனத்தின் செயல்பாட்டுத் தேவை காரணமாக" என்ற சொற்கள் இருக்கின்றனவா, யுஐஎஃபுக்காக நிறுவனம் தரும் யுஐ-19 படிவத்தில் காரணமாக எது போகிறது என்பதைக் கையெழுத்துக்கு முன்பே எச்.ஆரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "ராஜினாமா" என்று விழுந்துவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு. விண்ணப்பிக்க 12 மாதம் இருக்கிறது என்றாலும் முதல் வாரத்திலேயே செய்யுங்கள். பணம் வரத் தாமதமாகலாம், இரண்டு மாதச் செலவு கையில் இருக்கட்டும்.

"பேக்கேஜுக்கு வரியே இல்லை" என்பது பாதி சரி. தகுதியுள்ள ஈட்டுத்தொகையில் 5,50,000 ரேண்ட் வரை வரி கிடையாது. ஆனால் அந்த 5,50,000 வாழ்நாள் முழுமைக்கும் ஒரே வரம்பு. ஓய்வுபெறும்போது ஃபண்டிலிருந்து மொத்தமாக எடுப்பதும் அதற்குள்தான் வரும். கடைக்காக ஃபண்டிலிருந்து 2,14,200 எடுத்து, பேக்கேஜோடு சேர்த்து 4,80,000 ஆக்கினால் இன்று வரி இல்லை. ஆனால் ஓய்வுக்காலத்துக்கு அந்த வரம்பில் மிஞ்சுவது 70,000 மட்டும். நோட்டீஸ் சம்பளத்துக்கும் விடுப்புப் பணத்துக்கும் வழக்கமான வரி உண்டு. வரித்துறையான சார்ஸுக்குப் பழைய பாக்கி இருந்தால் பணம் தருமுன் அதையும் பிடித்துக்கொள்வார்கள்.

ஃபண்டு முழுவதையும் எடுத்துவிடலாம் என்பதும் சரியல்ல. 2024 செப்டம்பர் 1க்கு முன் சேர்ந்ததை வேலை போகும்போது ரொக்கமாக எடுக்கலாம். அதன்பின் சேர்வதில் மூன்றில் இரண்டு பங்கு ஓய்வு வயது வரை பூட்டியே இருக்கும். மீதி ஒரு பங்கான சேமிப்புப் பகுதியிலிருந்து எடுத்தால் சம்பளத்துக்குப் போடுவதைப் போல வரி போடுவார்கள். எடுக்க முடியும் என்பதற்காக எடுக்காதீர்கள். பணவீக்கம் போக வருடம் 4% வளர்ந்தாலே இன்றைய 2,14,200 உங்கள் 65ஆவது வயதில் சுமார் 3,56,700 ஆகியிருக்கும்.

மெடிக்கல் எய்டைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை, நான் சொல்கிறேன். வேலை முடிந்ததும் அதே திட்டத்தில் உங்கள் சொந்தப் பணத்தில் தொடர்வதற்கு உடனே எழுதிக் கொடுங்கள். 90 நாளுக்கு மேல் இடைவெளி விட்டால், புதிதாகச் சேரும்போது மூன்று மாதம் பொதுக் காத்திருப்பும், ஏற்கெனவே உள்ள நோய்க்கு 12 மாதக் காத்திருப்பும் போடலாம். உங்கள் மனைவியின் சர்க்கரை நோய் அதில் அடிபடும்.

17க்கு 11 என்பது தீர்ப்பாகாது

இரண்டு பத்தியாக எழுதிப் பார்க்கும் வழக்கம் பழையது. 1772இல் பெஞ்சமின் ஃபிராங்க்ளின், வேலை மாற்றம் பற்றிக் கேட்ட நண்பர் ஜோசப் பிரீஸ்ட்லிக்கு இதைத்தான் எழுதினார். ஆனால் அவர் காரணங்களை எண்ணச் சொல்லவில்லை. மூன்று நான்கு நாள் தாளைத் திறந்து வைத்து, தோன்றும்போதெல்லாம் எழுதி, பிறகு எடை சமமானவற்றை இரு பக்கமும் அடித்துக்கொண்டே வரச் சொன்னார். ஒரு பக்கத்து ஒரு காரணம் மறுபக்கத்து இரண்டுக்குச் சமம் என்றால் மூன்றையும் அடித்துவிட வேண்டும். உங்கள் பட்டியலில் "காலையில் நான்கரை மணிக்கு எழ வேண்டாம்" என்பதும் ஒன்று, "மகனின் கடைசி வருடக் கட்டணம்" என்பதும் ஒன்று. எண்ணினால் இரண்டும் சமம் ஆகிவிடும்.

எடை போடும்போது நடக்கும் தவறு ஒன்று உண்டு. "எது முக்கியம்?" என்று பொதுவாகக் கேட்டால் எல்லோரும் உடல்நலம், மெடிக்கல் எய்டு என்று முதலில் சொல்வார்கள். கேட்க வேண்டியது வித்தியாசத்தை. இரண்டு வழியிலும் அதே மெடிக்கல் எய்டு தொடரும், மாதம் 3,000 கூடும் என்பது மட்டுமே வேறுபாடு என்றால், அதன் எடை மாதம் 3,000 ரேண்ட், அவ்வளவே. உங்கள் முழங்கால் வலி அப்படியில்லை. ஒரு வழியில் இன்னும் பத்து வருடம் பெட்டி தூக்க வேண்டும், இன்னொன்றில் வேண்டாம். அந்த வித்தியாசம் பெரியது. அதற்குப் பட்டியலில் ஒரே வரி, கடைசியில் கிடந்தது. அதை மேலே கொண்டு வாருங்கள், டாக்டரிடம் காட்டி எழுத்தில் ஒரு கருத்தும் வாங்குங்கள். தூக்கும் வேலை இல்லாத இடத்துக்கு மாற்றக் கேட்பதற்கும் அது உதவும். இருப்பது, போவது என்ற இரண்டு வழிதான் என்று நினைத்தீர்கள், இடமாற்றம் மூன்றாவது. பேக்கேஜை ஏற்றுக்கொண்டு கடைசித் தேதியை இரண்டு மாதம் தள்ளிக் கேட்பது நான்காவது. கேட்டால் மறுக்கலாம், ஆனால் கேட்பதற்காக யாரும் பேக்கேஜைப் பறித்துவிடுவது வழக்கம் இல்லை.

"24 வருடத்தை விட்டுவிட்டா போவது" என்ற ஏக்கம் எனக்குப் புரிகிறது. அந்த வருடங்களின் பணம் ஏற்கெனவே ஈட்டுத்தொகையிலும் ஃபண்டிலும் இருக்கிறது, எந்த வழியில் போனாலும் உங்களோடு வரும். அவற்றைக் காரணப் பட்டியலில் மறுபடியும் சேர்த்தால் இரட்டைக் கணக்கு. அடுத்த பத்து வருடத்தை மட்டும் தராசில் வையுங்கள்.

பூக்கட்டிப் பார்த்ததை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அம்மனிடம் நீங்கள் வைத்த கேள்வி வேலை, கடை, ஊர் மூன்றையும் சேர்த்தது. செய்ய வேண்டிய விசாரணை எல்லாம் முடிந்து, இரண்டு வழியும் சமமாக நிற்கும்போது கேட்க வேண்டியதை நோட்டீஸைப் படிக்குமுன்னே கேட்டுவிட்டீர்கள்.

கடை

இதில் என் கருத்தை மறைக்கப் போவதில்லை. இந்தப் பணத்தை இந்த வேகத்தில் போடக் கூடாது.

உங்கள் வீட்டுச் செலவு மாதம் 16,500 என்கிறீர்கள். கம்பெனி கட்டிய மெடிக்கல் பங்கு சேர்ந்தால் 19,500. மனைவியின் 4,000 போக 15,500 வேண்டும். யுஐஎஃப் 38% வரும் முதல் எட்டு மாதத்தில் பேக்கேஜிலிருந்து மாதம் 8,770 எடுத்தால் போதும், பிறகு 15,500. இப்படிப் பார்த்தால் 2,65,800 சுமார் 20 மாதம் வீட்டைத் தாங்கும். கடையில் போட்டால் ஒரு மாதம்கூடத் தாங்காது; கடை முதல் மாதத்திலிருந்தே லாபம் தந்தாக வேண்டும்.

உங்கள் வீட்டு வருமானம் இப்போதே வருடம் 3,50,000க்குக் கீழ்தான் இருக்கிறது. மகன் இதுவரை அரசின் மாணவர் நிதித் திட்டத்துக்கு விண்ணப்பிக்கவில்லை என்றால், அடுத்த முறை விண்ணப்பம் திறந்ததும் போடச் சொல்லுங்கள்.

கடையை விலை பேசுமுன் மச்சானிடம் கேட்க வேண்டியவை: மூன்று வருடக் கணக்குகள், கடையின் வங்கிக் கணக்கில் கடைசி 12 மாத வரவு செலவு, வாடகை ஒப்பந்தம் இன்னும் எத்தனை வருடம் என்பது, சார்ஸிடமிருந்து வரிப் பாக்கி இல்லை என்ற சான்று. வங்கி வரவும் சொன்ன விற்பனையும் பொருந்தவில்லை என்றால் "பாதி ரொக்கத்தில் வருகிறது" என்பார்கள். நிரூபிக்க முடியாத வருமானத்துக்கு விலை கொடுக்க வேண்டாம். உணவுக் கடைக்கு நகராட்சி தரும் தகுதிச் சான்றிதழ் புதிய உரிமையாளருக்குக் கைமாறாது, புதிதாக எடுக்க வேண்டும். நீங்கள் வாங்குவது கம்பெனிப் பங்கா, வியாபாரத்தையேவா என்பதைத் தெளிவுபடுத்துங்கள். வியாபாரமே கைமாறுகிறது என்றால் திவால் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி, மாறும் தேதிக்கு 30 முதல் 60 நாள் முன்பாக அரசிதழிலும் செய்தித்தாள்களிலும் அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் பழைய உரிமையாளரின் கடன்காரர்கள் ஆறு மாதம் வரை அந்தச் சொத்தின் மேல் கைவைக்கலாம். வாடகைக்கோ சரக்குக் கடனுக்கோ தனிப்பட்ட ஜாமீன் கேட்டால் உங்கள் வீடு ஆபத்தில் வரும். இருவர் சொத்தும் பொது என்ற சொத்துக் கூட்டு முறையில் திருமணப் பதிவு நடந்திருந்தால், அந்த ஜாமீனுக்கு மனைவியின் எழுத்துச் சம்மதமும் வேண்டும். நான் சம்மதத்தைச் சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. கடையைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று கடிதத்தில் ஒரு வரி இல்லை.

அதைத் தெரிந்துகொள்ள ஒரு முறை இருக்கிறது. உளவியலாளர் கேரி க்ளைன் பரவலாக்கியது. வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து, அடுத்த வருடத் தீபாவளிக்குள் கடை மூடப்பட்டுவிட்டது என்று முடிந்துபோன செய்தியாக நினைத்துக்கொள்ளுங்கள். ஏன் மூடப்பட்டது என்று ஐந்து நிமிடம் ஆளுக்கொரு தாளில் பேசாமல் எழுத வேண்டும். பிறகு வயதில் சின்னவர் முதலில் வாசிக்க வேண்டும். மகன், மனைவி, மச்சான், கடைசியில் நீங்கள். பெரியவர் முதலில் பேசினால் மற்றவர்கள் அவர் சொன்னதையே வேறு வார்த்தையில் சொல்வார்கள், நம் வீடுகளில் இது எப்போதும் நடப்பது. "நஷ்டம் வருமா?" என்று கேட்டால் மச்சானைப் புண்படுத்தக்கூடாதென்று எல்லோரும் இல்லை என்பார்கள். நஷ்டம் வந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு காரணம் கேட்டால், மனதில் இருப்பது தாளில் வரும்.

இந்த 12 நாள்

இன்றும் நாளையும் நோட்டீஸ், சங்கப் பிரதிநிதி. மூன்றாம் நாள் எச்.ஆருக்கு ஒரு மின்னஞ்சல்: தேர்வு அளவுகோல், யுஐ-19இல் போடும் காரணம், கடைசித் தேதியைத் தள்ள முடியுமா, இடமாற்றம் உண்டா, மெடிக்கல் எய்டு தொடர்வது எப்படி. வாயால் சொன்ன பதில் பதிலாகாது. ஒரு வாரத்தில் பதில்கள் வந்தபின் மேலே உள்ள கணக்கை உங்கள் எண்களோடு போடுங்கள். பத்தாம் நாள் முடிவு செய்யுங்கள், இரண்டு நாள் கையிருப்பில் இருக்கட்டும். விலகாமல் இருந்து, பிறகு நியாயமின்றி நீக்கப்பட்டதாக நினைத்தால் 30 நாளுக்குள் சிசிஎம்ஏவில் மனுச் செய்ய வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முடிவு செய்த அன்று ஒரு பக்கம் எழுதித் தேதி போட்டு வையுங்கள்: என்ன தெரிந்தது, என்ன தெரியவில்லை, எதை நம்பி இந்த முடிவு, என்ன நடந்தால் இதை மறுபடி யோசிப்பேன். "என் முடிவு எதுவும் சரியாக வந்ததில்லை" என்று சொல்கிறீர்கள். எட்டு வருடத்துக்கு முன் நீங்கள் வேண்டாம் என்ற ரிச்சர்ட்ஸ் பே வேலை பிற்பாடு நல்லதாக அமைந்தது என்பதால், அன்று உங்களுக்குத் தெரிந்ததை வைத்து எடுத்த முடிவு தவறாகிவிடாது. உங்கள் அப்பா அப்போது படுக்கையில் இருந்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஒரு தாள் அன்று இருந்திருந்தால் இத்தனை வருடம் உங்களையே குறை சொல்லியிருக்கமாட்டீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வருவார். அவரிடம் இப்படிச் சொல்லலாம்: "பேக்கேஜ் விஷயமே இன்னும் முடியவில்லை மச்சான். அது முடிந்து மூன்று மாதம் கழித்துத்தான் எந்தப் பணத்தையும் தொடுவேன். அதுவரைக்கும் கணக்குகளைக் கொடுங்கள், ஒரு கணக்காளரிடம் காட்டுகிறேன். சனி, ஞாயிறு வேண்டுமானால் கடையில் வந்து சும்மா வேலை பார்க்கிறேன்." கடைசி வாக்கியத்தைக் கட்டாயம் சொல்லுங்கள். ஆறு வாரம் அந்தக் கல்லாப் பக்கம் நின்றால் ஒரு நாளில் எத்தனை பிரியாணி போகிறது, எத்தனை மிஞ்சிக் கொட்டப்படுகிறது என்று நீங்களே எண்ணிவிடலாம். 24 வருடம் ஸ்டோர்ஸில் சரக்கு எண்ணியவருக்கு அது கஷ்டமான வேலை இல்லை. அதுவரை காத்திருக்க முடியாது, வேறு ஆள் தயாராக இருக்கிறார் என்று மச்சான் சொன்னால், அந்த ஆளுக்கே கொடுக்கச் சொல்லுங்கள்.